பிரம்பை ஒளித்து வைத்தால் போதாது!

(பாளையம்பட்டியில் பெற்றோரும் ஆசிரியரும் மாணவரும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி உயர்வுக்குக் கூட்டம் போட்டால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. குடிதண்ணீருக்குக் கூட்டம் போட்டாலும் கேட்பதில்லை. ஆனால், "பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிள்ளைகளை அடிப்பதற்கெல்லாமா ஒரு கூட்டம்?" என்று கேட்பவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் முதல் பதில் சொல்ல வேண்டும்.

நம் ஊர்ப்பக்கம் ஒரு பழமொழி உண்டு. முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்பார்கள். முருங்கையை ஒடித்தால் பக்கக் கிளை வெடிக்கிறது, காய் கூடுகிறது. அது மரத்தின் குணம். பிள்ளை மரமா? பிள்ளையை ஒடித்தால் என்ன வெடிக்கிறது? பயம் வெடிக்கிறது, பொய் வெடிக்கிறது, கடைசியில் ஒருநாள் புத்தகப் பையை மூலையில் எறிந்துவிட்டு, "இனிமே நான் பள்ளிக்கூடம் போகமாட்டேன்" என்ற வார்த்தை வெடிக்கிறது. அந்த வார்த்தையைக் கேட்ட வீடுகள் இந்தக் கூட்டத்தில் எத்தனை என்று கை தூக்கச் சொன்னால், தூக்காத கைகள் குறைவாகத்தான் இருக்கும்.

அடி என்பது ஒரு பையனின் முதுகோடு முடிகிற காரியமல்ல. அவனுடைய படிப்போடு, அவன் நாளைக்குச் செய்யப்போகும் வேலையோடு, அவன் குடும்பத்தின் வருமானத்தோடு சம்பந்தப்பட்டது. அதனால்தான் இது பொதுப் பிரச்னை. அதனால்தான் இந்தக் கூட்டம்.

மூன்று தடவை எழுதிய பையன்

திருச்சுழி நமக்குக் கூப்பிடு தூரத்து ஊர். அங்கே 1879-ம் ஆண்டில் பிறந்த வேங்கடராமன் என்ற பையன், தகப்பனார் காலமான பிறகு மதுரைக்குப் போய், அங்கே அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். ஆங்கில இலக்கணப் பாடத்தைச் சரியாகப் படித்து வராததற்காக, அந்தப் பாடத்தை மூன்று தடவை எழுதி வரும்படி தண்டனை கிடைத்தது. 1896-ம் ஆண்டு ஆகஸ்ட் 29-ம் தேதி. இரண்டு தடவை எழுதினான். மூன்றாவது தடவை எழுதும்போது, இதனால் என்ன பயன் என்று தோன்றிற்று. காகிதத்தை ஒதுக்கி வைத்தான். அண்ணன் கடிந்துகொண்டார். அன்றைக்கே வீட்டைவிட்டுப் புறப்பட்டுப் போனான். பிற்காலத்தில் அவரைத்தான் உலகம் ரமண மகரிஷி என்று அழைத்தது.

அவர் துறவியானது வேறு கதை. அதற்கு வேறு காரணங்கள் சொல்வார்கள். அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. இங்கே நமக்கு வேண்டியது இரண்டு உண்மைகள்தான். புரியாத பாடத்தை மூன்று தடவை எழுதினால் புரிந்துவிடாது என்பதைப் பதினாறு வயதுப் பையன் கண்டுகொண்டான், பள்ளிக்கூடம் கண்டுகொள்ளவில்லை. இன்றைக்கும் நம் பிள்ளைகள் பத்துத் தடவை, ஐம்பது தடவை, நூறு தடவை என்று 'இம்போசிஷன்' எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இது ஒன்று.

மற்றொன்று: அப்படிப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகும் பிள்ளைகள் எல்லாரும் மலைக்குப் போவதில்லை, மகரிஷி ஆவதுமில்லை. இந்தக் கரிசல் சீமையில் படிப்பை விட்ட பையனுக்குத் திறந்திருக்கும் கதவுகள் எவை? தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசுக் கொட்டகை, நூல் மில், கரிமூட்டம், லாரிக் கிளீனர் வேலை. பெண் பிள்ளையானால் மில் விடுதி, இல்லையென்றால் அவசரக் கல்யாணம். 1986-ம் ஆண்டிலேயே குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 2016-ம் ஆண்டில் அது திருத்தப்பட்டு, பதினான்கு வயதுக்குட்பட்டவரை வேலைக்கு வைப்பது அநேகமாக முழுவதும் தடுக்கப்பட்டது. முன்வாசலில் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துவர ஒரு சட்டம். பின்வாசல் வழியாக அவனைத் துரத்த ஒரு பிரம்பு! இரண்டும் ஒரே கட்டிடத்தில் எப்படி இருக்க முடியும்?

சட்டம் என்ன சொல்கிறது?

பழைய காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கோதண்டம் போடுவார்கள்; பையனைக் கயிற்றில் தொங்கவிடுவார்கள். குட்டு, கிள்ளு, முட்டி போடுதல், வெயிலில் நிற்க வைத்தல் எல்லாம் பாடத்திட்டத்தின் பகுதி என்று நினைத்த காலம் அது. அந்தக் காலம் போய்விட்டது என்று சட்டப் புத்தகம் சொல்கிறது.

டில்லி ஹைக்கோர்ட் 2000-ம் ஆண்டு டிசம்பரில், பிள்ளைகளை அடிக்க அனுமதித்த டில்லிப் பள்ளி விதியை ரத்து செய்தது. தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டு ஜூனில் கல்வி விதிகளின் 51-வது விதி திருத்தப்பட்டது. ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரில் பிள்ளைகளின் உடலுக்கோ மனதுக்கோ வேதனை உண்டாக்கக் கூடாது என்று அன்றே எழுதப்பட்டுவிட்டது. அதன்பின் 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் வந்து, 2010 ஏப்ரல் 1-ம் தேதி முதல் அமலுக்கு வந்தது. அதன் 17-வது பிரிவு, எந்தக் குழந்தையையும் உடல் தண்டனைக்கோ மனத் துன்புறுத்தலுக்கோ ஆளாக்கக் கூடாது என்கிறது. மீறினால் பணி விதிகளின்படி நடவடிக்கை என்கிறது. அதே சட்டத்தின் 16-வது பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் 75-வது பிரிவு இருக்கிறது. தன் பொறுப்பில் உள்ள குழந்தையைத் தாக்குவோருக்கும் கொடுமைப்படுத்துவோருக்கும் மூன்றாண்டு வரை சிறை என்று சொல்கிறது. குழந்தைகளின் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை 1992-ம் ஆண்டிலேயே இந்திய சர்க்கார் ஏற்றுக்கொண்டது. பள்ளி ஒழுங்கு குழந்தையின் மனித கௌரவத்துக்கு ஒத்ததாக இருக்க வேண்டும் என்று அதன் 28-வது ஷரத்து கூறுகிறது.

இத்தனையும் இருக்கும்போது, 2024-ம் ஆண்டு ஏப்ரலில் சென்னை ஹைக்கோர்ட் மறுபடியும் ஓர் உத்தரவு போட வேண்டியிருந்தது. உடல் தண்டனையை ஒழிப்பதற்காகத் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த வழிகாட்டு நெறிகளைத் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நிறைவேற்றுங்கள் என்று நீதிபதி கல்வி இலாகாவுக்குச் சொன்னார். 2003-ல் தடை, 2024-ல், அந்தத் தடையை நிறைவேற்று என்று கோர்ட் உத்தரவு! இடையில் இருபத்தோரு வருஷம். 2003-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை இன்றைக்குத் தன் குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும் வயதுக்கு வந்துவிட்டது.

ஏன் இப்படி? சட்டத்தை எழுதியவர்கள், அதை நடத்திக் காட்டும் ஏற்பாட்டைச் செய்யவில்லை. பிரம்பு மேஜையிலிருந்து பீரோவுக்குப் போனது. அதிகாரி வரும்போது பீரோவில் இருக்கும், போனபின் கைக்கு வரும். மத்திய சர்க்கார் 2007-ம் ஆண்டில் பதின்மூன்று மாநிலங்களில் நடத்திய ஆய்வில், பள்ளி செல்லும் குழந்தைகளில் நூற்றுக்கு அறுபத்தைந்து பேர் அடிபட்டதாகச் சொன்னார்கள். மூன்று பிள்ளைகளில் இருவர்!

அடியைவிட ஆழமான காயம்

பிரம்பை ஒழித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதும் தவறு. நாக்கு இருக்கிறதே, அது பிரம்பைவிட நீளம். "நீயெல்லாம் எதுக்குடா படிக்க வர்ற? உங்கப்பன் கூட மாடு மேய்க்கப் போகவேண்டியதுதானே" என்ற வார்த்தையில் தழும்பு தெரியாது, கேஸும் ஆகாது. ஆனால் ஒரு பிள்ளையின் தகப்பனார் செய்யும் தொழிலை, அவன் சாதியை, அவன் நிறத்தை, அவன் வீட்டு வறுமையைச் சொல்லிக் கேலி செய்வதும் தண்டனைதான் என்று ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் தெளிவாகச் சொல்கின்றன. வகுப்புக்கு வெளியே நிறுத்துவது, முட்டி போட வைப்பது, மைதானத்தைச் சுற்றி ஓட வைப்பது, பட்டப்பெயர் வைத்து அழைப்பது எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

இதில் சாதிக்கு உள்ள பங்கை மூடி மறைத்துப் பேச முடியாது. 2022-ம் ஆண்டில் ஈரோடு ஜில்லாவில் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளைக் கக்கூஸ் கழுவ வைத்ததாகப் புகார் வந்து தலைமையாசிரியை கைது செய்யப்பட்டார். 2025-ம் ஆண்டு ஏப்ரலில் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில், எட்டாம் வகுப்புச் சிறுமி பூப்பெய்தியிருந்தாள் என்பதற்காக வகுப்புக்கு வெளியே படிக்கட்டில் உட்கார வைத்துப் பரீட்சை எழுத வைத்தார்கள். அவளும் தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பெண்தான். இங்கே பிரம்பு எங்கே இருக்கிறது? அடி எங்கே விழுந்தது? ஒரு விரல்கூட மேலே படவில்லை. ஆனால் அந்தக் குழந்தையின் கௌரவம் படிக்கட்டில் போட்டு மிதிக்கப்பட்டது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நாடே அறியும். உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து ஒரு தாழ்த்தப்பட்ட மாணவனையும் தடுக்க வந்த தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். அதன்பின் சர்க்கார் அமைத்த நீதிபதி சந்துரு அவர்களின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளும் மோதிரங்களும் பள்ளிக்குள் கூடாது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளம் நீங்க வேண்டும், வகுப்பில் அகர வரிசைப்படி பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் அது சிபாரிசு செய்தது.

இதிலிருந்து ஒரு விஷயம் விளங்குகிறது. தலைமுடி நீளத்துக்கும் சட்டைப் பொத்தானுக்கும் நாள்தோறும் தண்டனை கொடுக்கும் பள்ளி, கையில் கட்டிய சாதிக் கயிற்றைப் பல வருஷம் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தது. எது ஒழுங்கு, எது ஒழுங்கீனம் என்பதையே நாம் புதிதாக வகுக்க வேண்டியிருக்கிறது. தாமதமாக வந்த பிள்ளை குற்றவாளியல்ல. தம்பியைக் குளிப்பாட்டிவிட்டு, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வந்திருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்த பையனைச் சாதி சொல்லித் தள்ளிவிடுகிறவனிடம்தான் பள்ளி நின்று பேச வேண்டும். அவனையும் அடித்தல்ல, பேசித் திருத்த வேண்டும்.

ஆசிரியர் நம் எதிரியா?

இந்த இடத்தில் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கூட்டம் உங்களுக்கு எதிரான கூட்டமல்ல.

உங்கள் கஷ்டம் எங்களுக்குத் தெரியும். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் நின்று பாடம் சொல்லும் பள்ளிக்கூடங்கள் உண்டு. தொடக்கப் பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், நடுநிலை வகுப்புகளில் முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. பாடம் எடுக்கும் நேரத்தில் வாக்காளர் பட்டியல் வேலை, கணக்கெடுப்பு வேலை, கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. தனியார் பள்ளி ஆசிரியருக்கு வாங்கும் சம்பளத்தை வெளியே சொல்லவே கூச்சம். மேலே இருப்பவர் கீழே இருப்பவரை விரட்டுகிறார். அதிகாரி தலைமையாசிரியரை விரட்டுகிறார். தலைமையாசிரியர் ஆசிரியரை விரட்டுகிறார். ஆசிரியர் யாரை விரட்டுவார்? கடைசி பெஞ்சுப் பையனைத்தான். அவனுக்குக் கீழே ஆள் இல்லை.

இந்த ஜில்லாவுக்கு இன்னொரு சுமையும் உண்டு. பொதுத் தேர்வில் தேர்ச்சி விகிதம் என்றால் விருதுநகர் ஜில்லா என்று பெயர். பல ஆண்டுகள் தொடர்ந்து மாநிலத்தில் முதலிடம். 2023-ம் ஆண்டு பிளஸ் டூ தேர்விலும் முதலிடம். காமராஜர் பிறந்த மண்ணுக்கு இது பெருமைதான், நானும் பெருமைப்படுகிறேன். மழையை நம்பி வாழும் சீமையில் படிப்பு ஒன்றே வற்றாத ஊற்று என்று தாய்மார்கள் நம்பியதன் பலன் அது. ஆனால் அந்தப் பெருமை ஒவ்வொரு வருஷமும் யார் தலையில் ஏறி உட்காருகிறது? நூறு சதவிகிதம் வேண்டும் என்ற நெருக்கடியில், தட்டுத் தடுமாறிப் படிக்கும் பிள்ளை பள்ளிக்குக் கறையாகத் தெரிகிறான். அவனுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த நல்ல ஆசிரியர்கள் இங்கே நிறைய உண்டு. அவர்களால்தான் இந்தப் பெயர் வந்தது. அதே நெருக்கடியில் கை நீண்ட இடங்களும் உண்டு. "டி.ஸி. வாங்கிட்டுப் போங்கம்மா" என்று மெல்லச் சொல்லும் இடங்களும் உண்டு. மாணவர் ராங்க் பட்டியல் வெளியிடுவதை 2017-ம் ஆண்டில் சர்க்கார் நிறுத்தியது நல்ல காரியம். ஆனால் பள்ளிக்கும் ஜில்லாவுக்கும் ராங்க் இருக்கும்வரை, அது பிள்ளையின் முதுகில் இறங்கத்தான் செய்யும்.

தறி ஓட்டும் தோழர்களைக் கேட்கிறேன். பாவில் ஓர் இழை அறுந்தால் என்ன செய்வீர்கள்? தறியை நிறுத்துவீர்கள், அறுந்த நுனியைத் தேடி எடுப்பீர்கள், முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்டுவீர்கள். அறுந்த இழையை அடிக்கிறவன் உண்டா? அறுந்ததைக் கவனிக்காமல் விட்டு ஓட்டினால் துணி முழுக்கக் கோடு விழும் என்பது உங்களுக்குத் தெரியும். முடிச்சுப் போட நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் ஆசிரியருக்குக் கொடு என்று சர்க்காரைக் கேட்கிறோம்.

மாணவர் தவறு செய்தால்?

"மாணவர்கள் ஆசிரியரையே மிரட்டுகிறார்களே, அதற்கென்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே கத்தியால் குத்திக் கொன்றான். அதை யாரும் நியாயப்படுத்த முடியாது. 2022-ம் ஆண்டில் மாணவர்கள் ஆசிரியர்களை அவமதிக்கும் காட்சிகள் செல்போன் வழியே ஊரெல்லாம் பரவின. அப்போது பள்ளிக் கல்வி அமைச்சர் சட்டசபையை ஒட்டி ஓர் அறிவிப்புச் செய்தார்: ஒழுங்கீனமாக நடக்கும் மாணவர்கள் நிரந்தரமாக நீக்கப்படுவார்கள், நீக்கியதற்கான காரணம் மாற்றுச் சான்றிதழிலும் நடத்தைச் சான்றிதழிலும் எழுதப்படும் என்றார்.

இதை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். பதினைந்து வயதில் ஒரு பையன் செய்த தவறு, அவன் டி.ஸி.யில் மையால் எழுதப்பட்டால், அது எத்தனை வருஷம் நிற்கும்? எந்தப் பள்ளி அவனைச் சேர்க்கும்? எந்த ஐ.டி.ஐ. சேர்க்கும்? கொலைக் குற்றத்தில் சிக்கிய சிறுவனைக்கூடச் சிறார் சட்டம், பிற்காலத்தில் அந்தக் கறை அவனைத் தொடரக் கூடாது என்ற எண்ணத்தோடுதான் பார்க்கிறது. பெஞ்சைத் தட்டி ஆட்டம் போட்ட பையனுக்கு அந்தக் கருணை கிடையாதா? எட்டாம் வகுப்பு வரை நீக்கவே கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதற்கு மேலும், நீக்கப்பட்ட பையன் ஆகாயத்தில் மறைந்துவிடுவதில்லை. நம் தெருமுனையில்தான் வந்து நிற்கிறான். பள்ளி கைவிட்டவனைக் கஞ்சா விற்பவனும் சாதிச் சங்கத்துக்கு ஆள் பிடிப்பவனும் இரண்டு கை நீட்டி ஏற்றுக்கொள்கிறார்கள்.

பக்கத்துக் கேரளத்தில் 2025 மார்ச்சில் ஹைக்கோர்ட் நீதிபதி ஒருவர், ஆசிரியர் மீது புகார் வந்தால் உடனே கைது செய்யாமல் முதலில் பூர்வாங்க விசாரணை செய்யுங்கள் என்று சொன்னார். அதோடு, உபயோகிக்காவிட்டாலும் ஆசிரியர் கையில் ஒரு பிரம்பு இருக்கட்டும் என்றும் சொன்னார். முதல் பாதி சரி. பொய்ப் புகாரால் ஆசிரியர் நாசமாகக் கூடாது, விசாரணை வேண்டும். இரண்டாவது பாதியை ஏற்க முடியாது. உபயோகிக்காத பிரம்புக்கு வகுப்பில் என்ன வேலை? பயமுறுத்துவதுதானே வேலை? பயந்த பிள்ளை கேள்வி கேட்காது. கேள்வி கேட்காத பிள்ளை பாடத்தை நெட்டுருப் போடும்; பிற்காலத்தில் முதலாளி சொன்ன கூலியையும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டு போகும்.

உலகம் எங்கே நிற்கிறது?

பிரம்பில்லாமல் பள்ளி நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்குச் சில செய்திகள். போலந்து நாடு 1783-ம் ஆண்டிலேயே பள்ளிகளில் அடிப்பதைத் தடை செய்தது. அக்டோபர் புரட்சி நடந்து ஒரு வருஷத்துக்குள், பட்டினிக்கும் உள்நாட்டுப் போருக்கும் நடுவில், 1918-ம் ஆண்டில் சோவியத் ருஷ்யா பிறப்பித்த பள்ளிச் சட்டம் பள்ளியில் தண்டனைகளை விலக்கியது. நம்மை ஆண்ட இங்கிலாந்தில் 1986-ம் ஆண்டில் பார்லிமெண்டில் வோட்டுக்கு விட்டார்கள். ஒரே ஒரு வோட்டு வித்தியாசத்தில் சர்க்கார் பள்ளிகளில் பிரம்பு ஒழிந்தது. சுவீடன் 1979-ம் ஆண்டில் வீட்டில் பெற்றோர் அடிப்பதையும் தடை செய்தது. அந்த நாடுகளில் பள்ளிகள் பாழாகிவிடவில்லை.

இலங்கையில் ஆசிரியர் அறைந்ததால் ஒரு மாணவனுக்குக் காது கேட்காமல் போயிற்று. 2021 பிப்ரவரியில் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட், அது அவனுடைய அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று தீர்ப்புச் சொல்லி, ஆசிரியரும் அரசும் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்றது. 'அரசும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அறைந்தது ஒருவர் கை. அப்படி அறையலாம் என்று விட்டுவைத்தது அரசு.

வீட்டிலும் பார்க்க வேண்டும்

தாய்மார்களே, தகப்பன்மார்களே! பள்ளியில் சேர்க்கும் அன்றைக்கே, "கண்ணை மட்டும் விட்டுட்டு மத்த தோலை உரிச்சிருங்க சார்" என்று சொல்லிவிட்டு வரும் வழக்கம் இந்தப் பக்கத்தில் இன்னும் போகவில்லை. பிரியத்தால்தான் சொல்கிறார்கள், தான் பட்ட பாட்டைப் பிள்ளை படக் கூடாது என்ற வேகத்தில் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஒரு வார்த்தைதான், நாளைக்கு நீங்கள் நியாயம் கேட்டுப் போகும்போது, "நீங்கதானேம்மா அடிக்கச் சொன்னீங்க" என்று திரும்பி வரும். அந்த அதிகாரத்தை யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள். அது உங்கள் சொத்தல்ல. பிள்ளையின் உடம்பு பிள்ளையுடையது.

கேட்கப் போனால் பிள்ளையைப் பழிவாங்குவார்களே என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது. பிளஸ் டூவில் பாடத்துக்குப் பத்து மார்க் பள்ளியின் கையில் இருக்கிறது, டி.ஸி. அவர்கள் பீரோவில் இருக்கிறது. இந்தப் பயம் பொய்யல்ல. அதனால்தான் தனித்தனியாகப் போகாதீர்கள் என்கிறோம். ஒரு தாய் போனால் அவள் பிள்ளையின் பெயர் தெரியும். இருபது தாய்மார்கள் சேர்ந்து போனால் ஊரின் பெயர்தான் தெரியும். மில் வாசலில் கற்ற பாடம் பள்ளி வாசலுக்கும் பொருந்தும். சர்க்கார் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பெரும்பான்மை பெற்றோர்தான். கையெழுத்துப் போடுவதற்கும் டீ குடிப்பதற்கும் மட்டும் அந்தக் குழு ஏற்பட்டதல்ல. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், 14417 என்ற கல்வித் துறை உதவி எண்ணும் இருக்கின்றன. இந்த இரண்டு எண்களும் உங்கள் வீட்டுச் சுவரில் எழுதியிருக்க வேண்டும். பிள்ளைக்கு மனப்பாடமாகத் தெரிய வேண்டும்.

நம் கோரிக்கைகள்

ஆகையால் நாம் முன்வைப்பது இவைதான்:

1. ஒவ்வொரு பள்ளிக்கும் எழுதிய ஒழுங்கு விதி வேண்டும். எது தவறு, அதற்கு என்ன நடவடிக்கை, யார் முடிவு செய்வது என்பது தமிழில், பிள்ளைக்குப் புரியும் நடையில் எழுதி, வாசலில் ஒட்டப்பட வேண்டும். அதை எழுதும்போது பெற்றோரும் மாணவரும் உடனிருக்க வேண்டும்.

2. எந்த நடவடிக்கைக்கும் முன்னால் மாணவன் தன் பக்கத்தைச் சொல்ல இடம் தர வேண்டும். ஒருவன் செய்ததற்கு வகுப்பு முழுவதையும் தண்டிக்கக் கூடாது.

3. அடி, அவமானம், சாதிச் சொல், கக்கூஸ் கழுவ வைத்தல், வகுப்புக்கு வெளியே நிறுத்துதல் ஆகியவை எந்தப் பெயரிலும் கூடாது. கட்டணப் பாக்கிக்காகப் பிள்ளையை நிறுத்தி வைப்பதும் இதில் சேரும்.

4. ஆணையத்தின் நெறிப்படி ஒவ்வொரு பள்ளியிலும் கண்காணிப்புக் குழு அமைக்கப்பட வேண்டும். புகாரை நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் எடுத்து விசாரிக்க வேண்டும். புகார் சொன்ன பிள்ளைக்குப் பாதுகாப்பு வேண்டும். ஆசிரியருக்கும் நியாயமான விசாரணை வேண்டும். தனியார் பள்ளிகளுக்கும் இது பொருந்த வேண்டும்.

5. டி.ஸி.யிலும் நடத்தைச் சான்றிதழிலும் பிள்ளையின் எதிர்காலத்தைக் கெடுக்கும் குறிப்பு எழுதக் கூடாது.

6. காலியிடங்களில் ஆசிரியரை நியமிக்க வேண்டும். கற்பித்தல் அல்லாத வேலைகளைக் குறைக்க வேண்டும். பிள்ளைகளோடு பேசவும் ஆசிரியருக்கு ஆலோசனை சொல்லவும் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர்களைச் சர்க்கார் செலவில் அமர்த்த வேண்டும்.

கடைசிக் கோரிக்கை இல்லாமல் முதல் ஐந்தும் நிறைவேறாது என்பதை ஆசிரிய நண்பர்கள் அறிவார்கள். ஆகவே இந்தப் போராட்டத்தில் உங்கள் சங்கங்களும் பெற்றோரும் ஒரே மேடையில் நிற்க வேண்டும். பிள்ளையின் உரிமையைக் காட்டி ஆசிரியரை மிரட்டவும், ஆசிரியரின் கௌரவத்தைக் காட்டிப் பிள்ளையை அடக்கவும், நடுவில் நின்று சர்க்கார் செலவை மிச்சம் பிடிக்கவும் நாம் இடங்கொடுக்கக் கூடாது.

மாணவச் செல்வங்களே, உங்களுக்குக் கடைசியாக ஒன்று. அடிக்கக் கூடாது என்பது உங்கள் உரிமை. அந்த உரிமையோடு ஒரு பொறுப்பும் பிறந்திருக்கிறது. உங்களை அடிக்காத ஆசிரியரின் வகுப்பில்தான் நீங்கள் அதிகக் கவனமாக உட்கார வேண்டும். பக்கத்தில் இருக்கும் தோழனைச் சாதி சொல்லியோ, பட்டப்பெயர் சொல்லியோ புண்படுத்தாமல் இருக்க வேண்டும். கௌரவம் என்பது மேலிருந்து கீழே பிச்சையாக விழுவதல்ல. நமக்கு வேண்டும் என்று கேட்பதை அடுத்தவனுக்கும் கொடுக்க வேண்டும்.

அடுத்த மாதம் கூடும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இந்த ஆறு கோரிக்கைகளையும் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். எழுத்தில் கொடுங்கள், ரசீது வாங்குங்கள், பதில் வராவிட்டால் மறுபடியும் எல்லோரும் சேர்ந்து போங்கள். கையில் தழும்பில்லாமல், மனதில் பயமில்லாமல், நம் பிள்ளைகள் காலையில் தாமாகவே பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடும் நாள் வரும்வரை இந்த வேலையை நாம் விடுவதற்கில்லை!